ஐந்தாவது தொப்பி

பொறுப்பேற்ற முதல் நாளே இப்படியா பனி கொட்ட வேண்டும்? மணி எட்டாகிவிட்டது. எதிரே ஓடுபாதை இருக்கிறதா, இல்லை யாராவது பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு போய்விட்டார்களா என்றே தெரியவில்லை. விமானப்படைப் பிரிவின் புதுத் தலைவன் குடியிருப்பிலிருந்து நடந்தே வந்தான். முன்னால் நீட்டின கை மணிக்கட்டோடு காணாமல் போனது. சத்தம் மட்டும்தான் துணை. பூட்ஸ் சத்தம், தகரக் கூரையிலிருந்து சொட்டும் சத்தம்.

பூட்ஸ் சத்தம் ஒன்று கூடுதலாக வருகிற மாதிரி இருந்தது. நின்றான். அதுவும் நின்றது.

பனியில் சத்தம் அப்படித்தான் திரும்பி வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விமானிகள் அறைக் கதவைத் தள்ளினான்.

அந்த அறை எப்போதும் போலத்தான் இருந்தது. மண்ணெண்ணெய் வாடை, ரப்பர் வாடை, கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன டீ வாடை. சாயம் போன சோபாக்கள். நடுவில் ஒரு வட்ட மேசை. அதன் மேல் தொப்பிகள்.

அந்தத் தொப்பிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அறைக்குள் வருகிறவன் யாராக இருந்தாலும் தொப்பியைக் கழற்றி அந்த மேசையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அங்கே பதவி கிடையாது, பெரியவன் சின்னவன் கிடையாது. அரசாங்கத்தைத் திட்டலாம், மேலதிகாரியைத் திட்டலாம், பறக்கத் தெரியாதவனைப் பறக்கத் தெரியாதவன் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். தொப்பி மேசையில் இருக்கும்போது கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. அங்கே பேசியது அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. யார் போட்ட சட்டமோ, அந்தக் காலத்திலிருந்தே யாரும் மீறியதில்லை.

ஒரே ஒருவன் மீறினான். அவன்தான் இப்போது கதவருகே நின்று பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

இவனுக்குப் பெயர் ரெண்டு. அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவன் கொக்கு. ஆறடி மூன்று அங்குலம், நீளக் கழுத்து, யோசிக்கும்போது ஒரு காலைத் தூக்கி மறு காலில் தேய்த்துக்கொள்ளும் பழக்கம். வேறென்ன பெயர் வைப்பார்கள்? இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். பரீட்சையில் கொக்கு முதல், இவன் இரண்டாவது. தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்ததில் கொக்கு முதல், இவன் இரண்டாவது. வழுக்கை விழுந்ததில் மட்டும்தான் இவன் முதல். சேர்ந்து பறக்கும்போது ரேடியோவில் தலைவன் "ஒண்ணு" என்பான், பக்கத்து விமானம் "ரெண்டு" என்று பதில் சொல்லும். இருபது வருஷம் இவன் அந்தப் பதிலைத்தான் சொன்னான். கடைசியில் அதுவே பெயராகிவிட்டது.

கொக்கு ஆசையாகத்தான் கூப்பிட்டான். அதுதான் இவனுக்கு இன்னும் எரிந்தது. ஊருக்குப் போன் போட்டால் பெற்ற அம்மா முதலில் கேட்பது, "கொக்கு நல்லா இருக்கானாடா?" மனைவிகூட, "அவர்கிட்டக் கத்துக்கோங்க, எப்படிச் சிரிச்ச முகமா இருக்காரு பாருங்க" என்பாள். கேட்டுக் கேட்டு வயிற்றுக்குள் ஒரு அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது.

"வாங்க சார், வாங்க! தலைவர் வந்தாச்சு, டீயைச் சூடு பண்ணு!" என்று எழுந்தான் மீசை.

உள்ளே மூன்று பேர். மீசை, செய்தித்தாளை வரி விடாமல் படித்துவிட்டுப் பாடம் நடத்தும் வாத்தியார், பன்னிரண்டு மாதமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் சளி. இன்றைக்கு இவனோடு பறக்கப் போகிறவர்கள் இவர்கள்தான். பனி விலகினால் நான்கு விமானங்கள். தலைமை இவன். வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோவில் "ஒண்ணு" என்று சொல்லப் போகிறான். காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தும் ஆயிற்று.

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். இப்போது மேசையில் ஐந்து தொப்பிகள்.

உள்ளே இருப்பது நான்கு பேர்.

"யாரு, குளியலறையில இருக்கானா?"

"யாரும் இல்லையே சார். நாங்க மூணு பேர்தான்."

ஐந்தாவது தொப்பி மற்றவற்றை விட்டு ஓரமாக இருந்தது. ஓரம் கறுத்து, நனைந்து, அடியில் சிறு குளமாகத் தண்ணீர் கட்டியிருந்தது. பக்கத்தில் போனால் ஏரிச் சேற்று வாடை. அதில் கொஞ்சம் எரிபொருள் வாடையும்.

கொக்கு விழுந்தது ஏரியில். மூன்று மாதம் ஆயிற்று. ஆள் கிடைத்தான். பறக்கும்போது விமானிகள் தொப்பியை மடித்துக் கால் பையில் செருகிக்கொள்வார்கள். அவன் கால் பை திறந்து கிடந்தது. தொப்பி மட்டும் கிடைக்கவே இல்லை.

வேண்டுமென்றே முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

பேச்சு தொடங்கிவிட்டது. பனி நாளில் பறக்காத விமானிகளுக்கு வாய்தானே இறக்கை?

"தேர்தல் வருதுன்னா போதும்," என்றான் மீசை. "ஒரு அமைச்சர் வந்து நம்ம விமானத்துல ஏறி உக்காந்து போட்டோ எடுத்துக்குவாரு. போன தடவை வந்தவரு எதை அமுக்கினாரோ, ரெண்டு நாள் ரேடியோ பேசல."

"அவருக்கு ஓட்டுப் போட்டது யாரு?"

"நான் எங்க போட்டேன்? அன்னிக்கு டூட்டி."

"ஓட்டுப் போடாதவனுக்குத் திட்டுறதுக்கு உரிமை கிடையாது," என்று பேப்பரை மடித்தார் வாத்தியார்.

"அதை விடுங்கப்பா," என்று உறிஞ்சினான் சளி. "நாப்பத்தஞ்சு ஆனா எல்லாரையும் மேசை வேலைக்கு அனுப்பணும்னு புது விதி வருதாம்."

"மேசையிலயும் இடமிருக்காது. ஆள் இல்லாத விமானம் வந்தாச்சு. இன்னும் பத்து வருஷத்துல நாமெல்லாம் பொம்மைதான்," என்றார் வாத்தியார்.

"ஆள் இல்லாத விமானம் விழுந்தா நல்லதுதான். சேதி சொல்ல யார் வீட்டுக் கதவையும் போய்த் தட்ட வேண்டியதில்ல."

மூவரும் சிரித்தார்கள். வயிறு வலிக்கிற சிரிப்பு இல்லை, நெஞ்சில் குத்தி வருகிற சிரிப்பு.

"அடேங்கப்பா! கொக்கு சார் பேசுற மாதிரியே இருக்கு சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் மீசை.

மூவரும் இவனைத்தான் பார்த்தார்கள்.

இவன் வாயே திறக்கவில்லை.

நான் சொல்லவில்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் அந்த மூன்று முகங்கள்! இருபது வருஷத்தில் யாரும் இவனை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை எப்போதும் பக்கத்து நாற்காலிக்குத்தான் போகும். வேண்டாம் என்று தள்ள மனசு வருமா?

இவனும் லேசாகச் சிரித்தான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

டப்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தொப்பி கழட்டியாச்சு, உண்மையைச் சொல்லணும்." வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பதவி கொக்குக்கு வர வேண்டியது. அவன் இங்க பேசின பேச்சை யாரோ மேல போய்ப் போட்டுக் கொடுத்துட்டான். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? அன்றைக்கும் இதே மாதிரி பனி. "இந்தக் கிழட்டு எஞ்சினை இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம்னு கையெழுத்துப் போட்டாரே ஒரு மகராசன், அவரை இறக்கையில உக்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டணும்," என்றான் கொக்கு. அறையே குலுங்கியது. அந்த மகராசன் மேலிடத்துப் பெரிய அதிகாரி. அவரிடம் இதை ஒன்றுவிடாமல் ஒப்பிக்க இவனுக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. ஒரு மாதத்தில் அடுத்த தலைவன் இவன்தான் என்று உத்தரவு வந்தது, பழைய தலைவர் போனதும் பொறுப்பேற்க வேண்டியதுதான். பழுது பார்த்து வந்த பழைய விமானங்களைப் பறந்து சோதிக்கும் வேலை கொக்கு தலையில் விழுந்தது. எந்த எஞ்சினைக் கேலி செய்தானோ அதுவே ஏரிக்கு மேலே அணைந்தது.

ஏரியில் விழுவதற்கு முந்தின நாள் கொக்கு இவன் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்: "எவனோ கொளுத்திப் போட்டுட்டான். போகட்டும்டா. பதவி உனக்கு வந்ததுதான் எனக்கு நிம்மதி."

அந்தக் கை தோளில் இருந்த இடம் இப்போது சில்லென்றது.

டப். டப்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் இவன். தொப்பி மேசையில் இருக்க, பொய் சொன்னான்.

காதுக்குப் பக்கத்தில், மூச்சுக் காற்று படும் தூரத்தில், யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"பரவால்லடா."

திரும்பினான். யாரும் இல்லை. ஓர நாற்காலியின் மெத்தை மட்டும் யாரோ எழுந்துபோன மாதிரி மெல்ல உப்பிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. டவரிலிருந்து. பனி விலகுகிறது, கிளம்பலாம். மூவரும் தொப்பிகளை அள்ளிக் கால் பையில் செருகிக்கொண்டு ஓடினார்கள். மேசையில் மிச்சம் இரண்டு. ஒன்று காய்ந்தது, ஒன்று நனைந்தது. இவன் காய்ந்ததைத்தான் எடுத்தான். தொட்டுப் பார்த்து, உள்பக்கம் தன் பெயரைப் படித்துப் பார்த்துத்தான் பையில் செருகி ஜிப்பை இழுத்தான்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இவ்வளவு நேரம் அங்கே பனி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நான்கு விமானங்களும் வரிசையாக நின்றன. முதல் இடத்தில் இருந்ததில் ஏறினான். வாரைக் கட்டினான். எஞ்சின் உயிர் பெற்றது. நான்கும் நகர்ந்து ஓடுபாதை முனைக்கு வந்தன. இனி அந்த ஒரு சொல் பாக்கி. ரேடியோ பொத்தானில் கட்டை விரலை வைத்தான். மூச்சை இழுத்தான்.

"ஒண்ணு."

இவன் இன்னும் பொத்தானை அழுத்தவில்லை.

ரேடியோவில் அமைதி. இரைச்சல். அடுத்தவன் பதில் சொல்ல வேண்டிய இடைவெளி அது. எல்லாரும் காத்திருந்தார்கள். யாரும் திடுக்கிட்ட மாதிரி இல்லை. சும்மா காத்திருந்தார்கள். இரண்டு நொடி. மூன்று நொடி.

பல்லைக் கடித்துக்கொண்டான். சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது.

இருபது வருஷப் பழக்கம். விரல் தானாக அழுந்தியது.

"ரெண்டு," என்றான்.

"மூணு," என்றான் மீசை.

"நாலு."

"அஞ்சு," என்று மூக்கை உறிஞ்சினான் சளி, தினமும் சொல்கிறவன் மாதிரி.

"அஞ்சு விமானமும் கிளம்பலாம்," என்றது டவர்.

மேலே போனதும்தான் கவனித்தான். நடுவில் இருந்து வழிநடத்த வேண்டியவன் ஓரத்தில் பறந்துகொண்டிருந்தான். இடது பக்கம் காலி வானம். அந்தக் காலி வானத்தோடு இவன் கைகள் தூரம் விடாமல், நெருங்காமல் ஒட்டிப் பறந்தன. அது திரும்பினால் இவனும் திரும்பினான். அது இறங்கினால் இவனும். கீழே ஏரி வந்தது. ஏரிப் பக்கம் போவதாகத் திட்டமே இல்லை. ஒரு சுற்று சுற்றினார்கள். வாழ்க்கையில் இவன் இவ்வளவு அழகாகப் பறந்ததே இல்லை.

"சபாஷ் சார்!" என்றான் மீசை ரேடியோவில். இவனைச் சொன்னானா என்று தெரியவில்லை.

இறங்கி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். விமானத்தை எந்த இடத்தில் விடுவது என்று கை காட்டும் தலைமை மெக்கானிக் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்த மனிதர், இருபது வருஷமாகப் பார்த்த முகம். இவன் முதல் இடத்தை நோக்கி வந்தான். அவர் இரண்டு கைகளையும் குறுக்கே காட்டித் தடுத்தார். பிறகு வலது கையை நீட்டினார்.

பக்கத்து இடம். இரண்டாவது.

போய் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். தொடையில் ஏதோ சில்லென்று ஒழுகியது. கால் பை ஊறிப் பருத்திருந்தது. ஜிப்பின் பல்லிடுக்கில் ஏரிப் பாசி ஒரு நூல் தொங்கியது.

முதல் இடத்தைப் பார்த்தான். வெறும் இடம்தான். வெயிலில் வெளுத்துக் காய்ந்த சிமெண்டுத் தரை. அதில் ஓடுபாதைப் பக்கமிருந்து மூன்று ஈரக் கோடுகள் வந்து நின்றிருந்தன. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. தலைமை மெக்கானிக் குனிந்து, ஒன்றுமில்லாத அந்தச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். நிமிர்ந்தார். ஒன்றுமில்லாத உயரத்தை, ஆறடிக்கும் மேலே, அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். வாய் நிறையச் சிரித்தார்.

இவனைப் பார்த்து அவர் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வயிற்றுக்குள் அந்த அடுப்புத்தான். குப்பென்று பற்றியது.

ஹெல்மெட்டுக்குள், எஞ்சின் அணைந்து ரேடியோவும் செத்துப்போன பிறகு, ஆசையான குரல் ஒன்று கேட்டது.

"நாளைக்கும் வரேன்டா, ரெண்டு."