இரண்டு தடவை வெந்த கல்

ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். அவளுடைய அம்மாவும் மாமாவும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். வானத்திலிருந்து விழுந்த கற்களை வெட்டித் தேய்த்து, உள்ளே என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன என்று பார்க்கும் வேலை.

அன்று காலையிலிருந்தே அண்ணன் தங்கையான அவர்கள் இருவரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரு கல்லால் வந்த வினை. கறுப்புக் கண்ணாடி போன்ற கல். நடுநடுவே பெரிய பச்சைப் படிகங்கள்.

“படிகம் பெருசா வளரணும்னா கல்லு மெதுவா ஆறணும். கண்ணாடி ஆகணும்னா சட்டுனு ஆறணும். ஒரே கல்லு ரெண்டு விதமா எப்படி ஆறும்? யாரோ பசை போட்டு ஒட்டி நம்ம தலையில கட்டிட்டாங்க. சாயங்காலம் திருப்பி அனுப்பிடலாம்,” என்றார் மாமா.

“எனக்கு மனசே வரலண்ணே.” அம்மாவின் முகம் வாடிவிட்டது.

அன்று அம்மாவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த வாயாடிக்குப் பாவமாக இருந்தது. யோசித்தபடியே சட்டைப்பைக்குள் கையை விட்டாள். ஐயோ! கல் உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றதில் முந்திரிப்பருப்பு சாக்லேட் கூழாகியிருந்தது. அங்கே தின்பண்டம் கொண்டுவரவே கூடாது!

“கையில என்னடி?”

வாயாடி விரல்களைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. “அம்மா! சாக்லேட் உருகிடுச்சு, பருப்பு உருகவே இல்ல!”

“பேச்சை மாத்தாதே.”

“மாத்தலம்மா! அந்தக் கல்லு முதல்ல மெதுவா ஆறிப் பச்சை வளர்ந்திருக்கும். அப்புறம் ஏதோ டமார்னு வந்து மோதியிருக்கும். அந்தச் சூட்டுல மத்ததெல்லாம் உருகி, சட்டுனு ஆறிக் கறுப்பாயிருக்கும். பச்சை மட்டும் பருப்பு மாதிரி தப்பிச்சிடுச்சு!”

மாமா கல்லைக் கையில் எடுத்தார். “பச்சை லேசுல உருகாதுதான்...”

“பச்சையோட ஓரத்தைப் பாருங்க மாமா! ஒட்டினதுன்னா கூரா இருக்கும். சூடு பட்டிருந்தா கொஞ்சமாவது உருகியிருக்கணும்ல?”

மாமா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். கல்லை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

“என்னண்ணே? சொல்லுங்க!”

“ஓரமெல்லாம் கரைஞ்சு கறுப்போட கலந்திருக்கு. பசையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவை வெந்த கல்லு இது. அசல்!”

அம்மா சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். வாயாடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

“மோதினது எப்போன்னு கண்டுபிடிக்கணுமே. தள்ளுங்கண்ணே, நான் பார்க்கணும்!”

“நான் இன்னும் பார்த்தே முடிக்கல!”

ஒரே முக்காலியில் அண்ணனும் தங்கையும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த வாயாடிக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.