கொர்னேலியா பேசாத பேச்சு

இருமல் வந்ததால் சுற்றுலா வழிகாட்டி கொர்னேலியா பேச்சை நிறுத்தியிருந்தாள். விக்டோரியா சாலையில், ஒரு காலத்தில் இளவரசர் குடும்பம் குடியிருந்த மஞ்சள் மாளிகைக்கு எதிரே மைக்கை அணைத்துவிட்டு, போக்குவரத்துப் பக்கமாகத் திரும்பி, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். இருமி முடித்துத் திரும்பியபோது சுற்றுலாக்காரர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, மேல்மாடியின் இடப்பக்கத்து ஓர ஜன்னலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார்கள்.

அந்த ஜன்னலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

குளிர் காற்றில் வறுத்த கஷ்கொட்டை வாசனையும் பஸ் புகையும் கலந்து வந்தன. நவம்பர் கடைசி, ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். ஏதோ ஒன்றுக்குச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் மைக்கைப் போட்டு அடுத்த கட்டடத்துக்கு நடந்தாள். நடை முடிந்து கலையும்போது போலந்துக்காரப் பெண் ஒருத்தி அருகில் வந்தாள்.

"மேடம், அந்த இளவரசியம்மா ஜன்னல்லேர்ந்து கூடையக் கயிறு கட்டி இறக்கி, புருஷனுக்குத் தெரியாம தின்பண்டம் வாங்கின கதை இருக்கே, ரொம்ப நல்லா இருந்தது. நீங்க சொன்ன விதம் அப்படி."

கொர்னேலியா அந்தக் கதையைச் சொல்லிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வேலையில் சேர்ந்த புதிதில், கையை ஆட்டி, இளவரசி மாதிரியே குரலை மாற்றிச் சொல்லுவாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ஆற்றங்கரைப் பக்கம் பாராளுமன்ற மாளிகையில் தொடங்கி, வங்கி, அதிகாரிகள் மன்றம், இளவரசர் வீடு என்று நடந்து, அரண்மனைச் சதுக்கத்தில் முடிப்பது. அதே நடை, அதே வாக்கியம். உலகத்திலேயே கனமான கட்டடம் இந்தப் பாராளுமன்றம், உள்ளே இருக்கிறவர்கள்தான் எடை இல்லாதவர்கள் என்கிற அதே நகைச்சுவை. முழங்கால் தேய்ந்திருந்தது. தொண்டை அதைவிடத் தேய்ந்திருந்தது. குரல்நாணில் தடிப்பு விழுந்திருக்கிறது, ஒரு மாதம் பேசாமல் இருங்கள் என்றார் டாக்டர்.

"பேசாம இருந்தா என்னத்தச் சாப்பிடுறது டாக்டர்?" என்று கேட்டாள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதனால்தான் முதலாளி நெலு இந்தக் கருவிகளை வாங்கிவந்தான். அவள் சட்டைக் காலரில் ஒரு மைக். ஒவ்வொருவர் கழுத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, காதில் ஒரு இயர்போன். கத்த வேண்டியதில்லை, முணுமுணுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு நெலுவைக் கூப்பிட்டாள்.

"நெலு, என் பேச்ச எங்கயாவது பதிவு பண்ணி ஓட விடுறியா?"

"என்னக்கா கேக்குறீங்க? அது சந்தையில வாங்குன மலிவு சாமான். நீங்க பேசினா கேக்கும், அவ்வளவுதான்."

"அப்ப இன்னிக்கு யாரு பேசினது?"

"நீங்கதான். நெட்டுல ஒருத்தி எழுதியிருக்கா, கைடு குரல் தேன் மாதிரி இருக்குன்னு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. போய்ப் படுங்கக்கா."

மறுநாள் அவள் உபரியாக இருந்த ஒரு இயர்போனைத் தன் காதிலும் மாட்டிக்கொண்டாள். பாராளுமன்ற மாளிகையின் முன்னால் நாலு வாக்கியம் பேசியதும் தொண்டை அடைத்தது. மைக்கை அணைத்தாள். காதுக்குள் மெல்லிய இரைச்சல். எங்கோ தூரத்தில் தண்ணீர் ஓடுவது போல. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, கரகரப்பில்லாமல், மூச்சு வாங்காமல், அவளுடைய இருபத்தைந்து வயதுக் குரல் பேசத் தொடங்கியது. விட்ட இடத்திலிருந்து பேசியது. சுற்றுலாக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தூரத்துக் கோபுரத்தைக் கைகாட்டிக் கேள்வி கேட்டார். குரல் பதில் சொன்னது. அவர் நன்றி சொன்னார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதே எல்லோருடைய கருவிகளையும் வாங்கிப் பையில் போட்டிருக்கலாம். போடத்தான் நினைத்தாள். ஆனால் நடைபாதை ஓரத்தில் ஒரு கல்மேடை இருந்தது, முழங்கால் வலித்தது, குரல் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிறுத்தலாம் என்று உட்கார்ந்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு வேலை நேரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். முன்னால் நடந்தவள் பின்னால் நடந்தாள். தொண்டைக்கு இதமான லிண்டன் பூத் தேநீரைக் குடுவையில் கொண்டுவந்து, கூட்டத்தின் கடைசியில் யாரோ போல நடந்தபடி குடித்தாள். குரல் அவர்களை நிறுத்தியது, திருப்பியது, சிரிக்க வைத்தது. அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் களைப்பு பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

தொண்டை வலி போய்விட்டது. வலியோடு சேர்ந்து வேறொன்றும் போய்க்கொண்டிருப்பதை அவள் ரொட்டிக் கடையில்தான் கண்டுகொண்டாள். எள்ளு தூவிய வளைய ரொட்டி இரண்டு வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரி ஃப்ளோரிக்கா காதை முன்னால் நீட்டினாள்.

"வாயத் தொறந்து கேளுங்கக்கா. வெறும் காத்துதான் வருது."

மறுபடியும் கேட்டாள். உதடு அசைந்தது. விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு வந்த கூட்டத்தில் நார்வேக்காரத் தம்பதி ஒன்று இருந்தது. ஒத்வார் என்கிற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அவர் மனைவி தூரில். மற்றவர்கள் இளைஞர்கள். ஒத்வார் புறப்படும்போதே, "மேடம், என் மனைவியால படி ஏறி இறங்க முடியாது. படி இருக்கா?" என்று கேட்டார். கொர்னேலியா இல்லையென்று தலையசைத்தாள். அவளுடைய நடையில் படிகளே கிடையாது.

சதுக்கத்துக்கு வந்தபோது வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஒரு பக்கம் பழைய அரண்மனை. எதிரே பழைய கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகம், அதன் மாடி முகப்பு. அங்கிருந்துதான் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி 1989 டிசம்பரில் கடைசியாகப் பேசினார், கூட்டம் கூச்சலிட்டது, மறுநாள் ஹெலிகாப்டரில் ஓடினார். இந்த இடத்தில் அவள் எப்போதும் சுருக்கமாகச் சொல்லி முடித்து, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். குரலும் இத்தனை நாளும் அப்படித்தான் முடித்தது.

இன்று முடிக்கவில்லை.

"அவர் ஓடின அன்னிக்கு எல்லாரும் இங்கதான் கூடியிருந்தோம்," என்றது காதுக்குள் அவள் குரல். "ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிச்சு அழுதோம். டிசம்பர் மாசம், ஆனா பனியே இல்ல, கோட்டுக்குள்ள வேர்த்துது. இருட்டின உடனே சுட ஆரம்பிச்சாங்க. யாரு சுடுறாங்க, எங்கேர்ந்து சுடுறாங்க, ஒண்ணும் தெரியல. இந்த விளக்குக் கம்பத்துகிட்டதான் என் தம்பி தோமா நின்னான். பதினேழு வயசு."

கொர்னேலியாவின் கையிலிருந்து குடுவை மூடி விழுந்து உருண்டது. தோமாவைப் பற்றி அவள் எந்தச் சுற்றுலாக்காரரிடமும் சொன்னதில்லை. நெலுவுக்குக்கூடத் தெரியாது. கூட்டம் சிதறியபோது அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப்போகப்பட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரிகள், பிணவறைகள், கல்லறைத் தோட்டங்கள். எங்குமே அவன் இல்லை. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் அவள் சம்பாதித்தாள்.

"அக்காவுக்கு அவன் எங்க போனான்னு தெரியாது," என்றது குரல். "எனக்குத் தெரியும். வாங்க, காட்டுறேன்."

கூட்டம் நகர்ந்தது.

கட்டடத்தின் பின்பக்கச் சந்துக்குள் போனது. அங்கே பயன்படாத ஒரு பழைய இணைப்புக் கட்டடம், அதன் அடியில் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிலக்கரி இறக்கும் இரும்புக் கதவு. எப்போதும் சங்கிலி போட்டிருக்கும். இப்போது திறந்திருந்தது. கொர்னேலியா ஓடினாள். நில்லுங்கள், அந்தப் பக்கம் இல்லை என்று கத்தினாள். காற்று மட்டும் வந்தது. கதவுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள். அவர்கள் அவளை இடிக்கவில்லை, விலக்கவும் இல்லை. ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது போல, முகத்தில் அதே ஆர்வமான புன்னகையோடு, அவள் கைக்கடியில் குனிந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். படிகளில். செங்குத்தான படிகளில் தூரில் கூடத் தயங்காமல் இறங்கினாள்.

ஒத்வாரின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். யாரென்று தெரியாத பார்வை.

"ஷ்ஷ். தொந்தரவு பண்ணாதீங்கம்மா," என்றார் பொறுமையாக. "கைடு பேசிட்டிருக்காங்க இல்ல."

இயர்போனை வாங்கித் திரும்ப மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

சந்தில் அவள் மட்டும் நின்றாள். பின்னால் சதுக்கத்தில் கார்கள் போய்க்கொண்டிருந்தன, யாரோ ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், மழைக்கு முந்திய காற்று ஈரமாக வீசியது. போய்விடலாம். நாலு எட்டு வைத்தால் வெளிச்சம். கூட்டிவந்த மனிதர்களை இருட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மனம் ஒரு பக்கம் கேட்டது. இன்னொரு பக்கம் வேறு கேள்வி. எத்தனையோ இரவு தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. காதுக்குள் குரல் மெதுவாகச் சொன்னது: "பின்னாடி வர்றவங்க தலையக் குனிஞ்சு வாங்க."

அவள் தலையைக் குனிந்து இறங்கினாள்.

ஈரக் கரி வாசனை. அதற்கடியில் நனைந்த கம்பளித் துணியின் வாசனை, நிறையப் பேர் ஒரே அறையில் வெகுநேரம் மூச்சுவிட்டால் வருகிற புழுக்கம். கைப்பேசி விளக்கைப் போட்டாள். நீளமான நடைவழி, செங்கல் சுவர், கூரையில் துருப்பிடித்த குழாய்கள். முன்னால் போனவர்களின் காலடி வெகு தூரத்தில் கேட்டது. நடந்தாள். காலடிச் சத்தம் நின்றது.

"சுடுறப்ப இந்தக் கதவு வழியாத்தான் எல்லாரும் ஓடி வந்தாங்க," என்றது குரல். இப்போது ரொம்பத் தாழ்ந்து பேசியது. "சத்தம் போடாதீங்க. சுடுறவங்க மேல இருக்காங்க. சுவரோட சுவரா உக்காருங்க. விடிஞ்சதும் போயிடலாம்."

துணி உரசும் சத்தம். எல்லோரும் உட்காரும் சத்தம்.

பின்னால், மேலே, இரும்புக் கதவு மூடிக்கொண்டது. ஓங்கி அல்ல. மெதுவாக.

கொர்னேலியா விளக்கை முன்னால் நீட்டினாள்.

சுவரோரமாக அவளுடைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒத்வார். தூரில். இளைஞர்கள். எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பழைய மாதிரிக் கோட்டுகள். தோளிலும் தலைமுடியிலும் சுண்ணாம்புத் தூள். இடைவெளி விட்டு முன்பே உட்கார்ந்திருந்தவர்கள். அந்த இடைவெளிகளில்தான் இவர்கள் போய் அமர்ந்திருந்தார்கள்.

வரிசை விளக்கின் வெளிச்சம் எட்டாத தூரம் வரை போனது.

யாரும் அசையவில்லை. யாரும் மூச்சு விடவில்லை. தூரிலின் வாய்க்கு முன்னால் குளிரில் ஆவி எழவில்லை.

ஒரு இடம் காலியாக இருந்தது.

அதை அடுத்து இருந்தவன் தலையைத் திருப்பினான். மோவாயில் அரும்பிய மூன்று நாலு முடி. வெடித்த உதடு. தோமா. ஒரு நாள் கூட மூப்படையாத தோமா. கண் இருந்த இடத்தில் கரித்தூள் படிந்திருந்தது.

அவன் வாய் திறந்தது. குரல் இயர்போனில் கேட்கவில்லை. அங்கிருந்து, அந்த வாயிலிருந்து, நேராக வந்தது. அவளுடைய குரல்.

"உக்காருக்கா. பேசிப் பேசிக் களைச்சுப் போயிருப்ப."

பக்கத்துத் தரையைக் கையால் தட்டினான். தூள் பறந்தது.

கொர்னேலியா பின்னால் நகர்ந்தாள். முதுகு எதிர்ச் சுவரில் முட்டியது. கால் மடங்கியது. முழங்கால் வலிக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வாயை அகலத் திறந்து, அடிவயிற்றிலிருந்து, தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினாள்.

அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒத்வார் வாயைத் திறந்தார். தூரில் திறந்தாள். தோமா திறந்தான். வெளிச்சம் எட்டாத தூரம் வரை, சுவரோடு சுவராக, அத்தனை வாய்களும் ஒன்றாகத் திறந்து, அவளுடைய அலறலை அலறின.