வினோதா சுமந்த சொல்

"இந்தா பாரு வினோதா... ஏழு வருஷங்கழிச்சு எந்தம்பி இந்த வாசப்படிய மிதிக்கப் போறான். பொண்டாட்டி புள்ளையோட வாறான். இன்னிக்கு ஒருநா ஒம் மூஞ்சிய அவங்களுக்குக் காட்டாம இரு. ராகலைக்கு, ஒங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வா!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயகாந்தன் இப்படிச் சொன்னபோது வினோதா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்தனுக்குப் பிடிக்கும் என்று முதல்நாளே உளுந்து ஊறப்போட்டு, விடியுமுன் எழுந்து அரைத்து வைத்திருந்தாள். கையில் தட்டிய வடையை எண்ணெயில் போடாமல் அப்படியே நின்றாள்.

"நான் சுட்டத வச்சுட்டு... ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேனே..."

"பேசுவியா? நீ பேசுனதாலதானே எந்தம்பி தெருவுக்குப் போனான்! மூணு மாசப் புள்ளத்தாச்சிய வெளிய தள்ளுன வாய் அது. இனியும் பேசணுமா?"

அவள் மிச்ச மாவையும் சுட்டெடுத்தாள். தட்டில் அடுக்கி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். பிறகு மகள் தனுஷிகாவைக் கூப்பிட்டு, தலை சீவச் சொன்னாள்.

இத்தனையும் வெளியே வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் கணேசமூர்த்தியின் காதில் விழுந்தது. ஜெயகாந்தனின் அப்பா. எழுபத்திரண்டு வயது. தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து வாட்டியவர். இப்போது வேலையென்று ஒன்றுமில்லை; ரேடியோதான் துணை. சம்பளப் பேச்சு எந்த மட்டில் நிற்கிறது, டொலர் என்ன விலை, புயலில் வீடிழந்தவர்களுக்கு எங்கே காணி கொடுக்கப்போகிறார்கள் என்று எதைக் கேட்டாலும் சொல்வார். லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அவரை 'நியூஸ் தாத்தா' என்றுதான் கூப்பிடும். 'நம்ம நாட்டுல தப்பு நடக்கிறது பெரிசில்ல... நான்தான் செஞ்சேன்னு ஒருத்தனும் எந்திரிச்சு நிக்க மாட்டேங்கிறானே, அதுதான் பெரிசு!' என்று மாரியம்மன் கோயிலடியில் அவர் சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள்.

அன்றைக்கும் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. மலைச்சரிவில் மூடுபனி மெல்ல இறங்கி வந்து, தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து கொழுந்துக் கூடையும் முதுகுமாக ராக்காயி வருவது போலிருந்தது. செத்துப்போய் எட்டு வருடமான மனைவி. இப்படித்தான் காலையில் கண் சொருகும்போது வருவாள். முன்பெல்லாம் கிட்டே வந்து, 'என்னங்க, டீ குடிச்சீங்களா' என்று கேட்பாள். ஏழு வருடமாகக் கேட்பதில்லை. அவரைத் தாண்டி, வீட்டுக்குள் போய், அடுப்படியில் நிற்கும் மருமகளின் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுகிறாள்.

"மாமா..."

விழித்தார். வினோதா எதிரே நின்றாள். தோளில் பை, பக்கத்தில் தனுஷிகா.

"போயிட்டு வாறேன் மாமா. பிரஷர் மாத்திரை மேசையில இருக்கு. சாப்பிட்டுட்டுப் போடுங்க. சின்னவரு வந்தா வடை குடுக்கச் சொல்லுங்க."

அவள் கண் சிவந்திருந்தது. குரலில் ஒரு குறையும் இல்லை. 'போகாதே' என்று ஒரு சொல் அவர் தொண்டை வரைக்கும் வந்தது.

"கவனமா போம்மா," என்றுதான் வெளியே வந்தது.

பனிக்குள் தாயும் மகளும் மறைந்தார்கள்.

எல்லாம் நடந்தது 2019ஆம் வருடம். இளைய மகன் நிரோஷன் கந்தப்பளையில் கடை வைத்திருந்த மஃறூப்பின் மகள் ரிஸ்னாவைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்து, வீட்டுக்கே கூட்டி வந்திருந்தான். அவள் தொழுவாள், இவன் கோயிலுக்குப் போவான். வீட்டில் சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை. ரிஸ்னா முழுகாமல் இருந்தபோது, வாய்க்கு ருசியாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப்போட்டவள் வினோதாதான். அக்கா, அக்கா என்று அந்தப் பெண் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவாள்.

அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. குண்டுகள் வெடித்தன. ஊரடங்கு. ரேடியோ ராப்பகலாக அதையே சொன்னது. கணேசமூர்த்தியும் ராப்பகலாகக் கேட்டார். கேட்கக் கேட்கப் பயம் புகுந்தது. ஆர்மிக்காரர்கள் வந்து லயம் லயமாகச் சோதனை போட்டார்கள். 'ஒங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குல்ல?' என்று யாரோ ஒருவன் பாதையில் கேட்டான். அந்த ஒரு கேள்வி அவரைப் புரட்டிப்போட்டுவிட்டது.

மறுநாள் காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வினோதாவிடம் போய் நின்றார்.

"அந்தப் புள்ளைய அவங்க அப்பன் வீட்டுக்குப் போகச் சொல்லு. நீயே சொல்லிரு. நான் சொன்னதா தெரிய வேணாம்."

"மாமா! வயித்துப் புள்ளைக்காரி மாமா... அவ என்ன பாவம் செஞ்சா?"

"ஒம் மகள நெனச்சுப் பாத்தியா? நாளைக்கு எவனாவது லயத்துக்குத் தீ வச்சா? நீ சொல்லலன்னா நான் இந்த வீட்டுலயே இருக்க மாட்டேன்!"

அவள் அழுதாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கடைசியில், சொன்னாள். நிரோஷன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, 'நீ இருந்தா எம் புள்ளைக்கு ஆபத்து, போயிரு' என்று சொன்னாள். ரிஸ்னா ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் துணிமணியைக் கட்டினாள்.

மத்தியானம் ஓடிவந்த நிரோஷன், "யாரு சொன்னது? இந்த வீட்டுல எம் பொண்டாட்டியப் போகச் சொன்னது யாரு?" என்று கத்தினான். வினோதா மாமனாரைத்தான் பார்த்தாள். ஒரேயொரு பார்வை. அவர் குனிந்து ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் வினோதா.

நிரோஷன் அன்றைக்கே ரிஸ்னாவைக் கூட்டிக்கொண்டு கம்பளைக்குப் போனான். போனவன் போனவன்தான். ஜெயகாந்தன் இரண்டு மாதம் மனைவி போட்ட சோற்றைத் தொடவில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒருதரம் மட்டும், யாருமில்லாதபோது அவர் கேட்டார். "ஏம்மா உண்மையச் சொல்லல?"

"அத்தை போகும்போது எங்கிட்ட ஒண்ணுதான் கேட்டாங்க மாமா. 'எம் புள்ளைங்களுக்கு அப்பான்னா உசிரு, அது கெட்டுப்போகாம பாத்துக்க'ன்னாங்க. என்னைய வெறுத்தா பரவாயில்ல... நான் இன்னொரு வீட்டுலருந்து வந்தவதானே."

அதற்குப் பிறகாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், தீபாவளிக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, பெட்ரோல் வரிசை வந்து போனது, கோதுமை மா விலை ஏறி இறங்கியது, இரண்டு தேர்தல் முடிந்தது. இந்தக் கார்த்திகையில் புயல் அடித்து, பக்கத்து லயத்துக்கு மேலே மலை சரிந்தது. இவர்களும் பள்ளிக்கூட மண்டபத்தில் பதினெட்டு நாள் கிடந்தார்கள். நியூசில் தோட்டத்துப் பெயரைக் கேட்டு, ஆறு நாள் ஃபோன் கிடைக்காமல் தவித்து, ஏழாம் நாள் கிடைத்ததும் நிரோஷன் கதறினான். "அண்ணே... அப்பா இருக்காரா? அப்பா உசிரோட இருக்காராண்ணே?" அந்த அழுகையைப் பெரியவரும் கேட்டார். அவன் முதலில் கேட்டது தன்னைத்தான் என்பது, சந்தோஷத்துக்குப் பதிலாக அவரைச் சுட்டது. அந்தப் பேச்சில்தான் இந்த வரவும் முடிவானது.

ஒன்பது மணிக்கு வாசலில் த்ரீவீல் வந்து நின்றது.

ஓட்டி வந்த நிரோஷன் இறங்கினான். முன்முடியில் நரை. "அப்பா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். பின்னால் ரிஸ்னா. அவள் கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பேத்தி. "இல்மா, தாத்தா... போய் சலாம் சொல்லு," என்றாள். அந்தப் பிள்ளை அவருடைய சுருங்கிய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கியது. மூக்கு அப்படியே ராக்காயி!

ஜெயகாந்தன் வடைத் தட்டோடு வந்தான். எல்லோரும் சாப்பிட்டார்கள். பனி விலகி வெயில் மெல்லத் தலைகாட்டியது. நிரோஷன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அண்ணி எங்கண்ணே?"

"அவ ராகலைக்குப் போயிட்டா. நான்தான் போகச் சொன்னேன். ஒங்களுக்கும் சங்கடம் பாரு..."

"அதுவும் நல்லதுதாண்ணே," என்றான் நிரோஷன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"உம்மா, இந்த வடை நல்லா இருக்கு," என்றது இல்மா. "யாரு சுட்டது?"

ஜெயகாந்தன் தட்டை நகர்த்தினான். கணேசமூர்த்தி கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"ஒங்க பெரியம்மா சுட்டது தாயி. விடியக்காலம் எந்திரிச்சு சுட்டா... நிரோஷா, இங்க பாரு. அவளா சொல்லலடா. அன்னிக்கு ரிஸ்னாவப் போகச் சொன்னது நான்தான். எம் பயம்... எம் புத்தி கெட்டுப்போச்சு. பீலிக்கரையில அவள மெரட்டி சொல்ல வச்சேன். அவ கும்பிட்டு அழுதா. நீ வந்து கேட்டப்ப நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஏழு வருஷமா மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்..."

"என்னப்பா சொல்றீங்க?" ஜெயகாந்தனின் குரல் உடைந்தது. "அப்போ... அவள நான்... அவ கையால சோறு வாங்க மாட்டேன்னு..."

நிரோஷன் அப்பாவைப் பார்த்தான், யாரோ முன்பின் தெரியாத கிழவனைப் பார்ப்பது போலப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் ஏழு வருடம் ஓடினார். இப்போது அது வந்தேவிட்டது.

ரிஸ்னா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா சொல்லும்போதே தெரியும். போயிருன்னு வாய் சொல்லுது... கண்ணு வாசல்ல இருந்த ஒங்களப் பாக்குது, கை என் தலையத் தடவுது. ஒரு டப்பாவுல மாங்கா ஊறுகா போட்டு, என் துணிக்குள்ள மறைச்சு வச்சிருந்தாங்க. வெரட்டுறவ ஊறுகா வச்சு அனுப்புவாளா?"

"தெரிஞ்சுமா எங்கிட்ட சொல்லல?" என்றான் நிரோஷன்.

"ஒவ்வொரு நாளும் 'எங்கப்பா, எங்கப்பா'ன்னுதானே பேசுனீங்க! அத எப்பிடி ஒடைக்கிறது? அக்கா காப்பாத்துனத நான் ஒடைக்கணுமா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேசுனது போதும். ராகலை பஸ் எத்தன மணிக்கு?"

ஒரு த்ரீவீலில் ஐந்து பேர். பின்னால் ரிஸ்னா, இல்மா, பெரியவர். முன்னால் தம்பியின் சீட்டில் ஒட்டிக்கொண்டு ஜெயகாந்தன். கல்லும் குழியுமான தோட்டத்துப் பாதையில் வண்டி ஆடி ஆடி இறங்கியது.

மெயின் ரோட்டு பஸ் ஹோல்ட்டில் வினோதா இன்னும் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு பஸ்ஸும் வரவில்லை. வண்டியைக் கண்டதும் மகளை அணைத்துக்கொண்டு ஒதுங்கினாள். தன்னைக் கண்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள்.

"அக்கா!"

ரிஸ்னா ஓடிப்போய் அந்தத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் நடுரோட்டோரத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து, மரக்கறி லொறிக்காரன்கூட வேகத்தைக் குறைத்தான்.

"என்னைய மன்னிச்சிரு புள்ள... நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது..."

"நீங்க எங்க சொன்னீங்கக்கா? மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

வினோதா திடுக்கிட்டு மாமனாரைப் பார்த்தாள். அவர் கண்ணீரோடு கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"மாமா! என்ன இது, கையக் கீழ போடுங்க!"

"போட மாட்டேம்மா. ஒம் பேரக் கெடுத்து எம் பேரக் காப்பாத்திக்கிட்டேன். இந்தக் கை இப்பிடியே இருக்கட்டும்."

அவள் வந்து அவர் கைகளைப் பிரித்து, கீழே இறக்கிவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "வயசான காலத்துல ரோட்டுல நின்னு அழக் கூடாது மாமா," என்று மட்டும் சொன்னாள். நிரோஷன் "அண்ணி..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் தேம்பினான். ஜெயகாந்தன் அவளுடைய பையைத் தோளிலிருந்து வாங்கப் பார்த்தான்.

"வா, வீட்டுக்குப் போவம். நான்... நான் ஒரு மடையன் வினோதா. வா."

வினோதா பையை விடவில்லை.

"இல்ல. நான் ராகலைக்குப் போறேன்."

"கோவமா?"

"ஏழு வருஷமா எங்கம்மா என்னையப் பாத்து, 'ஏண்டி அப்பிடிச் செஞ்ச'ன்னு கேக்குது. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டே சோறு தின்னுட்டு வருவேன். இன்னிக்குத் தலைய நிமித்திக்கிட்டுப் போகணும். போயே ஆகணும்."

"அப்ப நானும் வாறேன்கா," என்றாள் ரிஸ்னா. "நானே அம்மாக்கிட்ட சொல்றேன்." அதற்குள் இல்மாவும் தனுஷிகாவும் கை கோத்து நின்றுவிட்டார்கள்.

பஸ் வந்தது. பெண்கள் நான்கு பேரும் ஏறினார்கள்.

"அப்ப மத்தியானச் சோறு?" என்றான் ஜெயகாந்தன், ஒன்றும் புரியாமல்.

ஜன்னலோரம் உட்கார்ந்த வினோதா சிரித்தாள். கண்ணீர் காயாத முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று கணேசமூர்த்தி நினைத்தார்.

"அரிசி பானையில இருக்கு. பருப்பு டப்பாவுல இருக்கு. மூணு ஆம்பளைங்க இருக்கீங்க. அஞ்சு மணி பஸ்ஸுல வருவோம்... பசியோட வருவோம்!"

பஸ் திருப்பத்தில் மறைந்தது. மூன்று ஆண்களும் ரோட்டோரத்தில் நின்றார்கள். ஜெயகாந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். நிரோஷன் அப்பாவைப் பார்க்காமலே சாவியைத் திருகினான். மேட்டுப்பாதையில் பாதி தூரம் வரை வாய் திறக்கவில்லை. இனி அவன் பேசவே மாட்டான் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார். பேசாவிட்டாலும் அது நியாயம்தான். அந்த நினைப்பில் விசித்திரமான ஒரு நிம்மதி இருந்தது.

கோயிலடியில் வண்டி குழியில் விழுந்து குலுங்கியது. நிரோஷன் முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"பிரஷருக்கு உப்பு கொறச்சுத்தானே போடணும்?"

"ஆமாப்பா," என்றார் கணேசமூர்த்தி. "கொறச்சுப் போடு."