நான்கு நாள் குறையாத தண்ணீர்

ஜான்ரோஸ் மாடிப்படி ஏறி வந்தபோது அவர் கையில் ஒரு ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பாட்டிலுக்குள் சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு இறால் செத்துக் கிடந்தது.

"இத யாரோ கொன்னுட்டாவ சார். யாருன்னு எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

பகவதியப்பன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிணற்றுத் தகராறு, வாய்க்காலில் செத்த மீன் என்று நாகர்கோவில் சுற்றுவட்டத்தில் தண்ணீரைப் பற்றிய எந்த வழக்கும் கடைசியில் அவரிடம்தான் வரும். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓமனா, வழக்கு வந்த வாசனை பட்டதும் ஷட்டரை இறக்கிவிட்டு மேலே வந்துவிடுவாள். நாற்பத்திரண்டு வயது, கணவன் மஸ்கட்டில். அவளுடைய காரில்தான் பகவதியப்பன் எங்கும் போவார். இன்றும் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் பகவதியப்பன்.

ஜான்ரோசுக்கு ஊர் இராஜாக்கமங்கலம். இருபத்திரண்டு வருடம் பஹ்ரைனில் இருந்துவிட்டு, மனைவி கிறிஸ்டிபாய் இறந்த பிறகு ஊருக்கே வந்துவிட்டார். தனியாக இருக்கிறார். போன வருடக் கடைசியில், பார்க்க ஏதாவது வேண்டும் என்று தோன்றி, இரண்டடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கினார். உயிருள்ள பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் பவளப்பாறை மாதிரிச் செய்த சுடுமண் கற்களை அடுக்கினார். கடல் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்க, உப்பைப் பாக்கெட்டில் வாங்கிக் கலக்கினார். தொட்டித் தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் எதுவும் விடக் கூடாது என்று மீன் கடைக்காரன் சொல்லியிருந்தான்.

"ஆறு வாரம் வெறும் தண்ணியப் பாத்துட்டே இருந்தேன் சார். அதுவும் நல்லாத்தான் இருந்துது. பெறவு கோமாளி மீனு ரெண்டு, நத்தை அஞ்சு, இந்த இறாலு ஒண்ணு விட்டேன். கைய உள்ள விட்டா இது மெதுவா வந்து ஏறி, நகத்த எல்லாம் சுத்தம் பண்ணும். தெனமும் காலைல கைய நீட்டிட்டு நிப்பேன்." அவர் பாட்டிலைப் பார்க்காமல் பேசினார். "வேற யாரு சார் என் கையத் தொடுகா?"

ஓமனா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள்.

குடலிறக்க அறுவைக்காக ஜான்ரோஸ் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நேற்று காலை வீட்டுக்கு வந்தபோது இறாலும் நத்தைகளும் செத்திருந்தன. மீன் இரண்டும் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. முன்கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், மற்றது வீட்டு வேலை செய்யும் லீலாபாயிடம்.

"தொட்டிக்குப் பக்கத்துல சோப்புத் தண்ணி கொண்டுபோகாதேன்னு அவளத் திட்டியிருக்கேன். அந்தக் கடுப்பு. நேத்து மொகத்துக்கு நேரா கேட்டேன். அழுதுட்டே சாவிய வச்சிட்டுப் போயிட்டா. திங்கக்கெழம ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்."

"திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று எழுந்தார் பகவதியப்பன்.

வழியில் மீன் கடையில் காரை நிறுத்தினார்கள். நோய் பிடித்த உயிர்களை விற்ற கடைக்காரன் சிஜோதான் குற்றவாளி என்று ஓமனா அதற்குள் முடிவு கட்டியிருந்தாள்.

"நோயின்னா மொதல்ல மீனுல்லா சாவும்?" என்றான் சிஜோ. "மீனு சுகமா இருந்து இறாலும் நத்தையும் மட்டும் செத்துதுன்னா, அது நோயி இல்ல."

பகவதியப்பன் தலையாட்டிவிட்டு, அங்கேயே ஒரு சிறு பரிசோதனை மருந்துக் குப்பியை வாங்கிக்கொண்டார்.

ஜான்ரோஸ் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. முன்னறையில் தொட்டியும் அதற்கு எதிரே ஒரே ஒரு பிரம்பு நாற்காலியும். தொட்டியின் கண்ணாடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கோடு போட்டு, 'தண்ணீர் இதுவரை' என்று ஜான்ரோசின் கையெழுத்தில் இருந்தது.

"இது எதுக்கு?"

"தெனமும் ஒரு லிட்டர் போல ஆவியாப் போகும் சார். உப்பு போகாது, தண்ணிதான் போகும். அதனால நல்ல தண்ணிய அந்தக் கோடு வரைக்கும் ஊத்தணும். சுத்திகரிச்ச தண்ணி அடுக்களைல கேன்ல இருக்கு. அத மட்டுந்தான் ஊத்துவேன்."

"நேத்து வந்த பிறகு ஊத்துனீங்களா?"

"இல்ல. குனிய முடியலியே."

பகவதியப்பன் தொட்டிக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தண்ணீர் கோட்டுக்குச் சற்றே கீழே நின்றது. பிறகு அடுக்களைக்குப் போய்க் கேனைத் திறந்தார். கழுத்துவரை நிறைந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு நிறைச்சு வச்சீங்க, இல்லையா?"

"ஆமா சார். எப்படித் தெரிஞ்சுது?"

பகவதியப்பன் தொட்டி நீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் எடுத்து, வாங்கி வந்த மருந்தை விட்டார். மெல்ல நிறம் மாறியது. அதை அட்டையில் இருந்த நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"செம்பு" என்றார். "மீன் தாங்கிக்கும். இறாலும் நத்தையும் தாங்காது."

பிறகு வீட்டின் பின்பக்கம் போனார். பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் வெளியே நின்று கதவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். இரண்டாவது முறை தாழ்ப்பாள் தானாக விழுந்து கதவு திறந்தது.

ஜான்ரோஸ் திகைத்துப்போனார். "இது இப்படித் தொறக்கும்னு எனக்கே தெரியாதே சார்!"

"தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார் பகவதியப்பன். அந்தச் சொல் ஜான்ரோசைச் சுட்டது போலிருந்தது.

கிணற்றடிக்கு அருகே ஒரு கொட்டகை. அதற்குள் மண்வெட்டி, கயிறு, பழைய தெளிப்பான், மூன்று வாளிகள். இரண்டு வாளிகளில் தூசி படிந்திருந்தது. மூன்றாவது, ஒரு மஞ்சள் வாளி, தூசியில்லாமல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பகவதியப்பன் அதைத் திருப்பி விளிம்பின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினார். நீலப் பொருக்கு ஒன்று உதிர்ந்தது.

"மருந்து கலக்குன வாளி" என்றார் ஜான்ரோஸ். "ரெண்டு மாசம் முன்ன தென்னைக்குக் குருத்தழுகல். ஆள வச்சு துரிசும் சுண்ணாம்பும் கலக்கி ஊத்துனேன்."

"துரிசுன்னா மயில்துத்தம். அதுல இருக்கது செம்புதான்" என்று ஓமனாவிடம் சொன்னார் பகவதியப்பன். "லீலாபாய் வீட்டுக்குப் போய்ட்டு வருவோம். நீங்க இங்கயே இருங்க ஜான்ரோஸ்."

லீலாபாயின் வீடு இரண்டு தெரு தள்ளி. அழுத கண்களோடு வாசலுக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னாள், பால் விடாத கட்டஞ்சாயா தந்தாள். ஆனால் கேள்விக்கு ஒரே பதில்தான்.

"வேணும்னு யாரும் செய்யல சார். அத மட்டும் அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க."

"நீங்க செஞ்சீங்களா?"

"வேணும்னு யாரும் செய்யல."

காரில் ஏறியதும் ஓமனா வெடித்தாள். "அண்ணே, அவ்வோ பதில் சொல்லாமத் தட்டிக் கழிக்கியாவ. பாத்தியளா?"

"பாத்தேன். 'நான் செய்யல'ன்னு சொல்லலாமே, ஏன் சொல்லல?"

"செஞ்சதுனால."

"செஞ்சவங்களும் 'நான் செய்யல'ன்னுதானே சொல்வாங்க? செய்யாதவங்க கட்டாயம் சொல்லுவாங்க. தான் செய்யலன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும், ஓமனா?"

ஓமனா சற்று யோசித்தாள். "பின்ன யாருன்னு கேப்பாவ."

"அந்தக் கேள்விக்குத்தான் அவங்க பயப்படுறாங்க. திரும்பு. அவங்களையும் கூட்டிட்டுப் போவோம்."

மாலை நான்கு மணிக்கு அந்த முன்னறையில் நாலு பேரும் இருந்தார்கள். ஜான்ரோஸ் பிரம்பு நாற்காலியில். லீலாபாய் கதவோரம். உட்கார வேறு இருக்கை இல்லாததால் ஓமனா அடுக்களையிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்து பகவதியப்பனுக்குப் போட்டாள்.

"நாலு நாள்ல ரெண்டு விரல்கடை தண்ணி குறைஞ்சிருக்கணும்" என்று தொடங்கினார் பகவதியப்பன். "குறையல. அப்போ யாரோ ஊத்தியிருக்காங்க. கெடுக்க வந்தவன் கோட்டைப் பாத்து, அளந்து ஊத்த மாட்டான். இந்தத் தொட்டி வத்திப் போகக் கூடாதுன்னு நெனச்ச ஒருத்தர்தான் ஊத்தியிருக்கணும். லீலாபாயா? அவங்க தினமும் நீங்க கேன்ல இருந்து ஊத்துறதப் பாக்குறவங்க. அவங்க ஊத்தியிருந்தா கேன் குறைஞ்சிருக்கும். ஊத்துனவருக்குக் கேன் விஷயம் தெரியாது. ஆனா கிணத்தடிக் கொட்டகைல வாளி இருக்குன்னு தெரியும். அதுல துரிசு கலக்குனது தெரியாது. அப்படின்னா, இந்த வீட்டோட பழைய பழக்கம் தெரிஞ்சு, புதுப் பழக்கம் தெரியாத ஆள்."

ஜான்ரோஸ் பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பின்கதவு சூட்சுமம் வெளியாளுக்குத் தெரியாது. வீட்டுக்காரரான உங்களுக்கே தெரியல, நீங்க இங்க இருந்த நாள் குறைவு. ஸ்கூல் விட்டு வந்து, அம்மா தோப்புக்குப் போயிருந்தா, அதத் தூக்கித் தள்ளி உள்ள வந்து வளந்த ஒருத்தருக்குத் தெரியும்." பகவதியப்பன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஜான்ரோஸ்?"

ஜான்ரோஸ் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தன். டெனிஷ். ஆரல்வாய்மொழில கரண்டு எடுக்க காத்தாடிக்கு மெக்கானிக்கு. நாலு வருசமாப் பேச்சு இல்ல. கிறிஸ்டிபாய் சாகக் கெடந்தப்ப அவன்தான் கூட இருந்து பாத்தான். எனக்கு லீவு கெடைக்கல. அடக்கம் முடிஞ்சு மறுநாள்தான் வந்து சேந்தேன். கல்லறைல வச்சு, 'இனி எதுக்கு வந்திய?'ன்னு கேட்டான். அதுதான் கடைசி."

கதவோரத்தில் லீலாபாய் அழத் தொடங்கியிருந்தாள்.

"அண்ணாச்சிக்கு ஆப்பரேசன்னு நான்தான் அவனுக்கு போன் போட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தான். நீங்க ஒறங்கிட்டு இருந்திய. வராண்டால ஒரு மணிக்கூறு நின்னான், உள்ள வரல. அம்மா ரூம்ல கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்னு இங்க வந்தான். ரெண்டு மூணு நாளு வந்தான், அவன் போனதும் பின்கதவ நான்தான் தாழிட்டேன். ஒரு நாளு, 'அக்கா, அப்பா மீனு வளக்குகாரு, தண்ணி கொறஞ்சு கெடந்துது, ஊத்துனேன்'னு சொன்னான். ஒரு சின்னப் பிள்ள சொல்லுக மாதிரி சொன்னான். வந்தத மட்டும் சொல்லாண்டாம்னு சத்தியம் வாங்கிட்டான். நான் என்ன செய்ய?"

"உன்னக் களவாணி மாதிரிக் கேட்டப்பவும் நீ சொல்லலியே லீலா."

"சத்தியம் பண்ணிட்டேனே அண்ணாச்சி."

ஜான்ரோஸ் நாற்காலியிலிருந்து எழ முயன்றார். வலித்தது. லீலாபாய் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அவர் அவள் முன் கைகூப்பினார். அவள் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. டெனிஷுக்கு அன்றும் வேலை என்று லீலாபாய் சொல்லியிருந்தாள். ஓமனாவின் காரில் ஜான்ரோசை ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப்போனார்கள். கணவாயிலிருந்து வரும் காற்று கார்க் கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. ஒரு காற்றாலையின் அடியில், நீலச் சட்டையும் இடுப்புக் கச்சையுமாக ஒருவன் அப்போதுதான் இறங்கி வந்து நின்றான். அப்பாவைக் கண்டதும் அவன் கை கச்சையை அவிழ்ப்பதை நிறுத்தியது.

பகவதியப்பனும் ஓமனாவும் காரோடு நின்றுவிட்டார்கள். ஆனாலும் காற்று அங்கிருந்து இங்கே அடித்ததால் பேச்சு கேட்டது.

"தையல் பிரிக்கியதுக்கு முன்ன எதுக்கு அலையிய?" என்றான் டெனிஷ்.

"நீ வீட்டுக்கு வந்தியாமே."

மகன் தரையைப் பார்த்தான். "லீலாக்கா சொல்லிட்டாளா?"

"அவ சொல்லல. நாங்களாக் கண்டுபிடிச்சோம்."

டெனிஷ் பாதி அவிழ்த்த கச்சையை மறுபடி இறுக்கினான்.

"மீனுக்குத் தண்ணி கொறஞ்சு கெடந்துது. அதான் கிணத்துல கோரி ஊத்துனேன்" என்றான் டெனிஷ். பிறகு பயந்தவன் போலக் கேட்டான்: "ஏதும் தப்பாயிப் போச்சாப்பா?"

ஓமனா பகவதியப்பனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மக்கா" என்றார் ஜான்ரோஸ். "ஒண்ணும் ஆகல. எல்லாம் சுகமா இருக்கு."

டெனிஷ் தலையை ஆட்டினான். அவனுக்கு இன்னொரு காற்றாலை பாக்கி இருந்தது. "ரெண்டு மணிக்கூறு ஆவும்" என்றான். "நிக்கியளா?"

"நிக்கேன்."

மகன் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொட்டலின் குறுக்கே நடந்துபோனான். திரும்பிப் பார்க்கவில்லை. ஜான்ரோஸ், பறக்கும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த வெட்டவெளியில் காத்து நின்றார்.