வரோம்னு சொன்ன வீடு

நுழைவாயிலைத் தாண்டிக் கார் உள்ளே போனபோது யாரும் பேசவில்லை. சண்டையெல்லாம் இல்லை, அலுப்புதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற குடும்பங்கள் தூங்கும், துணி துவைக்கும், சொந்தக்காரர்களைப் பற்றிப் புறணி பேசும். இவர்கள் வீடு பார்த்தார்கள். சமையலறை இருட்டு என்று தள்ளியது எந்த வீட்டை, குளியலறைச் சுவர் ஈரம் என்று விட்டது எந்த வீட்டை என்று இப்போது கேட்டால் மனைவி முழிப்பாள். அத்தனை வீடு பார்த்தாயிற்று.

இது புறநகரில் புதிதாக எழும்பும் குடியிருப்பு. எல்லாமே மாடி வீடுகள், எல்லாமே ஒரே சாயல். நட்ட மரங்கள் இன்னும் குச்சியோடு கட்டிப்போட்டபடி நின்றன. பூங்கா ஊஞ்சலுக்குச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"இவ்வளவு அகலமான ரோடு, ஒரு ஈ காக்கா இல்ல. ரிவர்ஸ் சொல்லிக்குடுக்க அருமையான இடம்" என்றான் கணவன். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவன். எந்தத் தெருவைப் பார்த்தாலும் அவனுக்கு அதே நினைப்பு.

அவள் சிரிக்கவில்லை. அந்த வாரத்துச் சிரிப்பெல்லாம் அலுவலகத்திலேயே தீர்ந்திருந்தது. காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. எதிரே யார் என்றே தெரியாது. அவர்களிடம் நாள் முழுக்க, "சரிங்க, கண்டிப்பாங்க, கவலைப்படாதீங்க" என்று பேச வேண்டும். வீட்டுக்கு வந்தும் நாக்கு நிற்காது. ஒருநாள் குழாயை மூடிவிட்டு அதற்கும் நன்றி சொல்லியிருக்கிறாள்.

ஆனால் வீடு வேண்டுமே! கணவனின் அண்ணன் வீட்டு மாடியறையில்தான் இத்தனை வருடமும் காலம் தள்ளியது. வெளியூரில் வேலை பார்த்த அண்ணன் மகன் திரும்பி வருகிறான், அவனுக்கு அந்த அறை வேண்டும். ஓரகத்தி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்து, ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டு போனாள். தனக்கென்று ஒரு கதவு, தானே சாத்துகிற கதவு, அது கிடைத்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

மாதிரி வீட்டு வாசலில் விற்பனைக்காரப் பெண்மணி நின்றிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் இவளுடைய அதே களைப்பு.

"நீங்க உள்ள போய்ப் பாருங்க மேடம். நான் இங்கயே நிக்கிறேன்."

"நீங்க வந்து காட்ட மாட்டீங்களா?"

"எல்லாம் திறந்துதான் இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கிளம்புறப்ப மட்டும் எதுவும் சொல்லாதீங்க. சும்மா கதவைச் சாத்திட்டு வந்துடுங்க."

"யார்கிட்டங்க சொல்லப் போறோம், சுவத்துகிட்டயா?" என்று கணவன் சிரித்தான். விற்பனைக்காரி சிரிக்கவில்லை.

உள்ளே புதுப் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. கூடத்தில் இருந்த டிவி வெறும் அட்டை. மேசைப் பழங்கள் பிளாஸ்டிக். அலமாரியில் புத்தகங்களின் முதுகு மட்டும் ஒட்டியிருந்தது. கணவன் சுவர்களைத் தட்டிப் பார்த்தான், குழாய்களைத் திருகினான், தண்ணீர் வரவில்லை. ஏழு வயது மகள் பட்டாணி படியேறி ஓடினாள். இவள் பின்னாலேயே போனாள்.

மாடியறையில் பெயிண்ட் வாடை இல்லை.

தூங்கி எழுந்த அறையின் வாடை அடித்தது. தலையணை, எண்ணெய்த் தலை, வெதுவெதுப்பான போர்வை. கட்டிலில் விரிப்பு இழுத்துப் போர்த்தப்பட்டு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. ஓரத்தில் மட்டும், யாரோ வெகுநேரம் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி ஒரு குழி.

அவள் கை வைத்துப் பார்த்தாள்.

சூடாக இருந்தது.

வெயில்தான், ஜன்னல் வழியாக விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது. அதையும் கவனித்தாள், ஆனால் யோசிக்கத் தெம்பில்லை. பட்டாணியின் கையைப் பிடித்து இறங்கினாள். கணவன் ஏற்கெனவே கார்ப் பக்கம் போயிருந்தான். அவள் கதவை இழுத்தாள். பழக்கம் யாரை விட்டது?

"சரிங்க, வரோம்" என்றாள்.

மாடியிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"ம்."

விற்பனைக்காரியின் முகம் செத்துப்போயிற்று. "சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"அது யாருங்க மேல?"

"தெரியாது மேடம். இங்க யாரும் குடியிருந்ததில்ல, யாரும் சாகவும் இல்ல. பாக்க வர்றவங்கதான் வந்துகிட்டே இருக்காங்க. எல்லாரும் வரோம், வரோம்னு சொல்லிட்டுப் போவாங்க. யாரும் வரல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

கணவனிடம் சொன்னாள். "பக்கத்து வீட்டுல பெயிண்டர் இருப்பான். போ, நீ வேற" என்று முடித்துவிட்டான்.

அந்த வீடு வேண்டாம் என்று ஆயிற்று. ஊரின் மறுபக்கத்தில் இன்னொரு புதுக் குடியிருப்பில் கீழ்த்தள வீடு ஒன்று அமைந்தது. சின்ன வீடு, ஆனால் சமையலறையில் வெளிச்சம் இருந்தது, பள்ளிக்கூடமும் பக்கம். அடுத்த வாரம் சாவி. வீடு முடிவான அன்று அலுவலகத்தில் அவள் நிஜமாகவே சிரித்த குரலில் பேசினாள்.

மதியம் ஓர் அழைப்பு. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, பொறுமையான குரல். ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எப்ப வரீங்க?"

"சீக்கிரமே வந்துடுவோங்க, கவலைப்படாதீங்க" என்று நாக்கு முந்திக்கொண்டது.

பக்கத்து இருக்கைத் தோழி திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்டடி பேசுற? உனக்கு லைனே வரலையே?"

திரையில் அழைப்பே இல்லை.

சாயங்காலம் வீடு திரும்பியதும் பட்டாணிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். "நம்ம எப்பம்மா அங்க போறோம்?" என்றாள் குழந்தை.

"புது வீட்டுக்கா? அடுத்த வாரம்."

"அந்த வீடு இல்ல. கட்டில்ல உக்காந்திருந்தாங்கல்ல, அவங்க வீடு. எப்ப வரீங்கன்னு கேட்டுகிட்டே இருக்காங்க. பாவம்மா."

தன்னைக் கேட்டாலாவது பரவாயில்லை. குழந்தையையா? இத்தனை வருடம் தவம் கிடந்து ஒரு வீடு அமையும் நேரத்திலா? பின்னலை அப்படியே விட்டுவிட்டு விற்பனைக்காரிக்குப் போன் செய்தாள்.

"சொன்னதை நீங்களேதான் வந்து திருப்பி எடுத்துக்கணும் மேடம்" என்றாள் அவள். "போறோம்னு சொல்லுங்க. நானும் தினம் அப்படித்தான் சொல்லிட்டுப் போறேன்."

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் மறுநாள் விடுப்புப் போட்டுக் கூட்டிப்போனான். "வாய் வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடு. நான் வண்டிய அணைக்கல" என்றான். குழந்தையைக் காரிலேயே விடலாம் என்றால் அது அவள் புடவையை விடவில்லை.

வெயில் தாழும் நேரம். படிக்கட்டில் அதே தூக்க வாடை, இந்த முறை கீழ்ப்படி வரைக்கும் இறங்கியிருந்தது. அவள் கூடத்திலேயே நின்றாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "போறேம்மா" என்று ஒரு தடவை சொன்னதற்கு வாங்கிய திட்டு அவளுக்கு ஞாபகம் இருந்தது. போறேன்னு சொல்லாதே, வரேன்னு சொல்லு. அதன் பிறகு வாழ்நாளில் எந்த வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ எழுந்தார்கள்.

"வந்துட்டீங்களா?"

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"இல்லைங்க" என்றாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. எங்களுக்கு வேற வீடு அமைஞ்சுடுச்சு. நாங்க போறோம். இனிமே வரமாட்டோம்."

"அப்படியா" என்றது குரல். கோபம் இல்லை.

பிறகு, "சரி. அப்ப நான் வரேன்."

அவள் பட்டாணியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள், கதவைச் சாத்தினாள், காரில் விழுந்தாள். அப்பாடா என்றிருந்தது. நல்ல மாதிரி விடைகொடுத்துவிட்டது. அலுவலகத்தில்கூட இப்படித் தணிந்து பேசி வைப்பவர்கள் குறைவு. அவள் கணவனின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தூக்கம் வந்தது.

பாதி வழியில் பட்டாணி கேட்டாள்.

"அம்மா, கிளம்புறவங்கதான வரேன்னு சொல்வாங்க? வீட்டுலயே இருக்கிறவங்க ஏன் சொன்னாங்க?"

அவளுக்குத் தூக்கம் போயிற்று.

பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இங்க வா" என்று குழந்தையை முன்னால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காருக்குள் தலையணை வாடை மெல்ல நிறைந்தது. கணவன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, "என்ன, ஒரே புழுக்கமா இருக்கு" என்றான்.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. இனி எந்த வீட்டு வாசலிலும் வாயே திறக்கக் கூடாது, யாரையும் வா என்று சொல்லக் கூடாது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டு படியேறினாள். மணியடித்தார்கள். ஓரகத்தி கதவைத் திறந்தாள். கணவன் உள்ளே போனான், பட்டாணி போனாள், அவள் போனாள்.

ஓரகத்தி கதவைச் சாத்தவில்லை.

ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, இத்தனை வருடத்தில் இவர்களிடம் ஒரு நாளும் காட்டாத மரியாதையோடு வெளியே பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க, வாங்க. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"அக்கா, வேண்டாம்!" என்று அவள் கத்துவதற்குள் கதவு சாத்தியாயிற்று. ஓரகத்தி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு அவள் காதருகே வந்தாள்.

"கூட ஆள் வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கிசுகிசுத்தாள். "பேசாம உங்க ரூமுக்கு ஏறிப் போறாங்க. எத்தனை நாள் இருப்பாங்க?"