பாதியில் வெட்டிய பாட்டு

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலம். மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், வேலை முடிந்து ஸ்ரெல்லா, நியூசிலாந்தில் கிளென்ஃபீல்டில் இருந்த தன் மரவீட்டுக்குள் நுழைந்தாள். ஈரப்பலகையின் வாசம் வழக்கம்போல வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. புதுத்துணியின் சாய வாசம்.

முன்னறை ஜன்னல்கள் எல்லாவற்றிலும் புதுத் திரைகள் தொங்கின.

அவள் குடையைக்கூட மடக்கவில்லை. வெளிர்த் துணியில் கருங்கோடுகள் வளைந்து, மடிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடின. அந்தக் கோடுகளை அவளுக்குத் தெரியும்.

அவை ஹோசெஃபினாவின் கோடுகள்.

போன வருடம் ஸ்ரெல்லாவின் பெண்குழந்தை, ஞானஸ்நானம் கொடுக்க முதலே இறந்துபோனது. அன்றிலிருந்து பின்னேரமானால் வீட்டுக்குள் அது அழும். பசித்து அழும் அழுகை. கணவன் கிளைவுக்கு அது கேட்காது. சுவாமியார் வந்து செபித்தார், டொக்டர் மாத்திரை கொடுத்தார்; ஒன்றுக்கும் அது அடங்கவில்லை.

முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்த ஹோசெஃபினாதான் அடக்கினாள். பெரு நாட்டில் உக்காயாலி ஆற்றங்கரையில் பிறந்த ஷிபிபோ இனத்துப் பெண் அவள். நியூசிலாந்துக்காரர் ஒருவரை மணந்து வந்தவள். அவளுடைய சனத்துக்குப் பாட்டுத்தான் மருந்து. நோயாளியின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத கோலம் ஒன்று குலைந்து கிடக்கும், பாடிப் பாடி அதை நேராக்குவார்களாம். ஸ்ரெல்லாவின் உச்சந்தலையில் புகையிலைப் புகையை ஊதிவிட்டு, மெல்லிய குரலில் வெகுநேரம் பாடினாள். பிறகு அந்தப் பாட்டையே ஒரு துணியில் கோடுகளாகத் தைத்துக் கொடுத்தாள்.

"பிள்ளை தூங்கிவிட்டாள். இது அவளுடைய பாட்டு. யாருக்கும் கொடுக்காதே."

அதன் பிறகு வீடு அமைதியாகிவிட்டது.

"வடிவா இருக்கோ?" கிளைவ் குசினிக்குள்ளிருந்து சிரித்தபடி வந்தான். விரி என்ற இடத்தில் இருந்த ஒரு திரைத்துணித் தொழிற்சாலையில், அச்சடிக்கும் பகுதிக்கு அவன் மேற்பார்வையாளன். "புது டிசைன் வேணுமெண்டு முதலாளி கரைச்சல் குடுத்துக்கொண்டிருந்தவர். உம்மட துணியைக் காட்டினன். மனுசன் அப்பிடியே மயங்கிட்டார்."

"என்ர துணி எங்க?"

"நடுத்துண்டை வெட்டித்தான் அச்சுக்கு எடுத்தவை. மிச்சத்தை எறிஞ்சுபோட்டினம்."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கேட்டிருந்தா நீர் தந்திருப்பீரோ? ஒரு துணிதானே, ஸ்ரெல்லா."

அவள் திரையருகே போனாள். கோடு ஒரு சாண் தூரம் ஓடியது. வளைவின் நடுவே வெட்டுப்பட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மேலிருந்து கீழ்வரை அப்படித்தான். பாட்டு எந்த இடத்திலும் முடியவில்லை.

வெளியே மழை ஓய்ந்தது.

திரைக்குப் பின்னால் ஏதோ மூச்சை இழுத்தது.

சின்ன மூச்சு.

பிறகு அழுகை.

கிளைவின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது. இந்த முறை அவனுக்கும் கேட்டது. பாய்ந்து திரையை விலக்கினான். வெறும் கண்ணாடி. அழுகை அடுத்த திரைக்குப் பின்னால் போயிருந்தது. அதை விலக்கினான். அங்கும் இல்லை. அழுகை உச்சத்துக்கு ஏறி, சட்டென்று அறுந்து, மறுபடி முதல் மூச்சிலிருந்து தொடங்கியது.

"நிப்பாட்டச் சொல்லும்," என்று கிசுகிசுத்தான். "கடவுளே, நிப்பாட்டச் சொல்லும்."

"உங்கட பிள்ளைதானே. நீங்களே சொல்லுங்கோ."

மறுநாள் ஒரு திரையைக் கழற்றிக்கொண்டு ஹோசெஃபினாவின் வீட்டுக்கு ஓடினாள். ஹோசெஃபினா கோட்டில் விரலை வைத்து முணுமுணுக்கத் தொடங்கினாள். வெட்டுப்பட்ட இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"விற்றுவிட்டாயா?"

"நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. என் புருசன்..."

ஹோசெஃபினா நம்பவில்லை. அது அவள் கண்ணில் தெரிந்தது. "நடுவில் அறுத்த பாட்டு தூங்க வைக்காது. எழுப்பும். மிச்சத் துணி எங்கே?"

"எறிந்துவிட்டார்கள்."

"அந்தப் பாட்டு ஒரே ஒருதரம்தான் எனக்கு வந்தது," என்று சொல்லி ஹோசெஃபினா கதவைச் சாத்தினாள். தன்னை ஏமாற்றியவன் தன்னையும் துரோகியாக்கிவிட்டான் என்பது, சாத்திய கதவின் முன்னால் நின்றபோதுதான் ஸ்ரெல்லாவுக்கு உறைத்தது.

அந்தக் கிழமையே கிளைவை விட்டுவிட்டு, மனுகாவில் தமக்கை வீட்டுக்குப் போனாள். அங்கே எதுவும் அழவில்லை. எல்லாம் கிளென்ஃபீல்டோடு நின்றுவிட்டது என்று நினைத்தாள்.

வசந்தம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரெல்லா கடைத்தெருவுக்குப் போனாள். துணிக்கடை மேசையின் முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய சின்ன மகள். மேசையில் அந்தத் திரை, திருப்பிக் கொடுப்பதற்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"துணியில் ஒரு குறையும் இல்லை," அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இவள்தான் அறைக்குள் போகமாட்டேன் என்கிறாள். திரைக்குப் பின்னால் ஒரு பாப்பா இருக்கிறதாம். அதற்குப் பசிக்கிறதாம்."

கடைக்காரப் பெண் சிரிக்கவில்லை. "நீங்கள் மட்டுமில்லை," என்றாள் தாழ்ந்த குரலில்.

சிறுமி திரும்பி ஸ்ரெல்லாவையே பார்த்தாள். பிறகு அவளுடைய நெஞ்சைப் பார்த்தாள்.

ஸ்ரெல்லா குனிந்தாள்.

சட்டை இரு பக்கமும் வெதுவெதுப்பாக நனைந்திருந்தது. ஒரு வருடத்துக்கு முன்பே வற்றிப்போன பால், நிற்காமல் சுரந்துகொண்டிருந்தது.