அடைப்புக்குறியைக் காணவில்லை

போன் அலறியது.

1991. காலை பத்தரை. ஒரகடத்தை ஒட்டிய பிரஷர் டேங்க் தொழிற்சாலை. டிசைன் அறையில் லீலா மட்டும்.

"லீலாம்மா... ஷெட் மேஸ்திரி யாக்கோபு பேசுறேன். டெஸ்டிங் ஷெட்ல டேங்க் வெடிச்சிடுச்சி. கோபால் செத்துப் பூட்டாம்மா."

"என்ன சொல்றீங்க?"

"நீ குட்த்த தாளப் பாத்துதான் காத்து ஏத்துனான். நாப்பது கிலோ அழுத்தம்னு கணக்கு வந்துச்சி."

நாற்பதா? அந்த டேங்க் பத்துக்கு மேல் தாங்காதே...

லைன் துண்டிக்கப்பட்டது.

தாளின் நகலை எடுத்தாள். சூத்திரங்களைச் சுருக்குவது கம்ப்யூட்டரில் இருந்த அல்ஜீப்ரா சாஃப்ட்வேர். அவற்றை அச்சடிப்பதற்கான 'டெக்' (TeX) என்ற கணினிக் குறியீடாக மாற்றித் தருவதும் அதுதான். மேலும் கீழுமாக வந்த பின்னங்கள் ஷெட்டில் யாருக்கும் புரியவில்லை. எல்லாம் ஒரே வரியில் சாய்கோட்டோடு வரும்படி லீலாதான் விதிகள் எழுதிச் சேர்த்திருந்தாள்.

சாய்கோட்டுக்குப் பின்னால் கூட்டல் வந்தால் அடைப்புக்குறி போடு... அது முக்கியமான விதி.

தாளில் அடைப்புக்குறி இல்லை.

சேர்ந்து வகுக்க வேண்டிய எண் தனியே பிரிந்து கூடிவிட்டது. பத்து நாற்பதானது அதனால்தான்.

நானா கொன்றேன்?

விதிகள் இருந்த ஃபைலைத் திறந்தாள். அந்த ஒரு விதியை மட்டும் காணோம். கடைசியாக மாற்றியது செவ்வாய், மாலை 4.10.

செவ்வாயன்று அவள் லீவு. படப்பையில் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

அப்படியானால் வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள்.

பின்னால் கதவைத் தாழிடும் சத்தம்... சீஃப் டிசைனர் ஹேமந்த்.

"எனக்கும் போன் வந்துச்சு. அந்த ஃபைலை அழிச்சிடு லீலா."

"எதுக்கு சார்?"

"உன்னைக் காப்பாத்தத்தான். உன் விதி பிராக்கெட்டை முழுங்கிருச்சு. போலீஸ் வந்தா நீதான் உள்ள போவே."

லீலா எழுந்தாள். பிராக்கெட் விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"பிராக்கெட்டுன்னு... உங்களுக்கு யார் சார் சொன்னா?"

ஹேமந்தின் முகம் மாறியது.

"மட்டமான தகடு போட்டேன்னு கோபால் மேலிடத்துக்கு எழுதப் பாத்தான். முடிஞ்சான். நீயும் ஆரம்பிக்காதே."

போன் ஒயரைப் பிடுங்கினான். இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு நெருங்கினான்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஒயர் கழுத்தைத் தொட்டது...

படார்!

தாழ்ப்பாள் தெறித்தது. உள்ளே பாய்ந்தார் யாக்கோபு. அவரோடு இரண்டு கான்ஸ்டபிள்கள். கடைசியாக, செத்துப்போன கோபால்!

ஹேமந்தின் கையிலிருந்து ஒயர் நழுவியது.

"டேங்க் வெடிக்கல," என்றார் யாக்கோபு. "தாளப் பாத்ததுமே கோபாலுக்கு டவுட்டு. யாரு செஞ்சதுன்னுதான் தெரியல. அதான் போலீஸ கூட்டியாந்துட்டு, வாட்ச்மேன் ரூம்லேர்ந்து ரெண்டு பேருக்கும் போன் போட்டோம். யாரு அழிக்க ஓடுறாங்கன்னு பாக்க. வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தோம்."

லீலா நாற்காலியில் சரிந்தாள்.

"அப்ப... என் மேலயும் சந்தேகப்பட்டீங்க."

"மன்னிச்சிக்கம்மா."

ஹேமந்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்த கோபால், மெல்ல யாக்கோபின் பக்கம் திரும்பினான்.

"யாக்கோபண்ணே... செத்துப்போன நேரத்துக்கு இன்னிக்கி அரை நாள் சம்பளம் புடிப்பாங்களா?"